கழுகு என்னும் பெயர்

ஊன் உண்ணும் பறவைகளைக் குறிக்கத் தமிழில் சொற்களுக்குக் குறைவில்லை. பருந்து, கழுகு, எருவை, பாறு, வல்லூறு, இராசாளி, கருடன் எனப் பெயர்கள் பல உள. ஆயினும், எப்பெயர் எப்பறவையைக் குறித்தது என்று துணிவது எளிதன்று. பெயர் நிலைத்திருக்க, பொருள் இடம் மாறுவது மொழியின் இயல்பாகும்.

எருவை என்னும் சொல் இதற்குத் தக்க சான்று. போர்க்களத்துப் பிணங்களை நாடிவரும் எருவையைப் புறநானூற்றுப் புலவர் செவி சிவந்த பறவையாகக் காட்டினர். இவ்வடையாளம் இன்று செந்தலைப் பாறு எனப்படும் பறவைக்கே பொருந்துகிறது. அகராதிகளோ, தலை வெளுத்து உடல் சிவந்த பருந்து என்று எருவைக்குப் பொருள் கூறும். அவ்வடையாளம் உடையது செம்பருந்து. மக்கள் கருடன் என்று கைகூப்பும் பறவை அதுவே. மலேசியா, சிங்கப்பூர்க் கடலோரங்களிலும் அது வட்டமிடக் காணலாம். ஒரு பெயருக்குள் இரு பறவைகள் புகுந்தமை இதனால் விளங்கும்.

கழுகின் நிலையும் இத்தகையதே. செங்கற்பட்டுக்கு அருகிலுள்ள திருக்கழுக்குன்றத்தைச் சம்பந்தரும் அப்பரும் 7ஆம் நூற்றாண்டிலேயே பாடினர். நண்பகலில் அம்மலைக்கு வந்து பொங்கல் உண்டு சென்ற பறவைகள், வெண்ணிற உடலும் மஞ்சள் முகமும் உடைய பாறுகள். பாறுகள் பெரும்பாலும் இறந்த விலங்குகளையே உண்பவை. இன்றோ, கழுகு என்றதும் உயிருள்ள இரையை உகிரால் பற்றும் வேட்டைப் பறவையே மாணவர் மனக்கண்ணில் தோன்றுகிறது. மலாய்மொழி வேட்டைப் பறவையை ஹெலாங் என்றும் பிணந்தின்னும் பறவையை ஹெரிங் என்றும் பிரித்து வழங்குகிறது. தமிழர் வழக்கில் இரண்டும் கழுகாயின.

இக்குழப்பம் சொல்லளவில் நின்றுவிடவில்லை. 1992க்கும் 2007க்கும் இடையில், இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் 99 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை மறைந்தன. கால்நடைகளுக்கு அளிக்கப்பட்ட டைக்குளோபினாக் என்னும் வலிநீக்கி மருந்தே முதன்மைக் காரணம் எனப்படுகிறது. அம்மருந்து தங்கிய பிணங்களை உண்ட பறவைகள் சிறுநீரகம் கெட்டு மாண்டன. கால்நடை மருத்துவத்தில் அதன் பயன்பாட்டை இந்திய அரசு 2006இல் தடைசெய்தது. திருக்கழுக்குன்றத்திற்குப் பாறுகள் வருவதும் 20ஆம் நூற்றாண்டின் இறுதியோடு நின்றுபோயிற்று.

வானில் பருந்தைக் கண்டு கழுகென்று மகிழ்வோர், மெய்யான கழுகு மறைந்ததை எங்ஙனம் உணர்வர்? பறவை ஆர்வலர்கள் பாறு என்னும் பழஞ்சொல்லை இன்று மீண்டும் வழக்கிற்குக் கொணர்ந்துள்ளனர். வகுப்பறையிலும் அச்சொல் ஒலித்தல் வேண்டும். பெயரை வேறுபடுத்தி அறிந்தவர்க்கே இழப்பும் புலனாகும்.