கணக்கில் விடுபட்டவர்

எங்க பெரிய நாத்தனாருக்குச் சின்ன வயதிலேயே போலியோ வந்து இரண்டு காலும் சூம்பிப் போச்சு. நான் மருமகளா வந்தப்போ, அவங்க வாசப்படி தாண்டி நான் பார்த்ததில்லை.

ஊனமுற்றோருக்கான மத்திய சட்டம் 1995லேயே வந்துவிட்டது. 40 சதவீதமும் அதற்கு மேலும் பாதிப்பு இருந்தால் சலுகை உண்டு. ஆனா எங்க வீட்டுக்கு வந்து சொல்ல ஆளில்லை.

2005இல் தமிழ்நாட்டில் புதுவாழ்வுத் திட்டம் தொடங்கியது. அதில் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே தனிக் குழுக்கள் அமைத்தார்கள். எங்க ஊரிலும் வீடு வீடா கணக்கெடுக்க வந்தாங்க. சின்ன நாத்தனார் கல்யாணம் தடைபடுமோன்னு பயந்து, "இங்க அப்படி யாரும் இல்லை"ன்னு மாமியார் சொல்லிட்டாங்க. நானும் வாய் திறக்கலை. மனசு கேட்காம, அடுத்த வாரம் குழுக் கூட்டத்தில் சொன்னேன். வீட்டில் பெரிய சண்டை.

முகாமில் டாக்டர் பார்த்து அடையாள அட்டை கிடைத்தது. பிறகு மூன்று சக்கர வண்டியும் வந்தது. அதில் ஏறி நாத்தனார் முதலில் வந்த இடம் எங்க குழுக் கூட்டம்தான். இன்று கணக்கு நோட்டு அவங்க கையில்.

2016 சட்டத்தில், 7 வகையாக இருந்த பாதிப்பு 21 வகையானது. ஆசிட் வீச்சுக்கு ஆளானவர்களும் அதில் உண்டு. சகோதரிகளே, உங்க தெருவிலும் கணக்கில் விடுபட்டவர் இருக்கலாம். அட்டை இருக்கான்னு ஒரு வார்த்தை கேளுங்க.