ஊருக்கு ஒரு கமரா: பாரமும் முகமும் பற்றிய ஒரு சரித்திரம்



பழைய மாணவர்கள் சேர்ந்து ஊருக்கென்று ஒரு கமரா வாங்கப் போகிறோம் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். மூத்தவர்களின் முகங்கள், கரைவலை, வாடிகள், மிஞ்சியிருக்கும் பழைய வீடுகள் எல்லாவற்றையும் படமெடுத்துச் சேர்த்து வைப்பதுதான் நோக்கம். காசு ஓரளவு சேர்ந்துவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் எந்தக் கமரா என்பதில்தான் மூன்று வாரமாக வாட்ஸ்அப் குழுவில் இழுபறி. "நீங்க சரித்திரம் படிப்பிக்கிற ஆள்தானே சேர், ஒரு முடிவைச் சொல்லுங்க" என்று பிள்ளைகள் கேட்டார்கள். முடிவை மட்டும் சொன்னால் சண்டை தீராது. அதனால் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்த்தோம். பார்த்ததை இங்கே எழுதுகிறோம். நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் இரண்டு கமராக்களையும் சொல்லிவிடுகிறோம்.

ஒன்று நிக்கோன் இசட்எஃப். 2023 செப்டெம்பரில் வந்தது. பார்த்தால் எங்கள் வாப்பாமார் காலத்துப் பிலிம் கமரா மாதிரியே இருக்கும். மேலே திருகுகிற வட்டுகள், கறுப்புத் தோல், வெள்ளெழுத்து. பெட்டரியும் கார்டும் போட்டால் 710 கிராம்.

மற்றது சோனி ஏ7சி இரண்டாம் பதிப்பு. அதே ஆண்டு ஓகஸ்ட் கடைசியில் அறிவிக்கப்பட்டது. பார்வைக்குச் சாதாரணப் பெட்டி. பெட்டரி, கார்டோடு 514 கிராம்.

இரண்டுமே ஃபுல் பிரேம். அதாவது படம் விழுகிற தகடு 36 மில்லிமீற்றருக்கு 24 மில்லிமீற்றர். இரண்டுமே மிரர்லெஸ், உள்ளே கண்ணாடி கிடையாது. வித்தியாசம் ஏறத்தாழ 200 கிராம், அதாவது கடையில் வாங்கும் ஒரு தேயிலைப் பக்கற்றின் நிறை. இந்தப் பக்கற்றுக்கா இவ்வளவு சண்டை என்று நாங்களும் முதலில் சிரித்தோம். பிறகுதான் யோசித்தோம். படமெடுத்தலின் சரித்திரம் முழுக்கவே பாரத்தின் சரித்திரம்தான். யாருடைய முகம் படத்தில் விழும், யாருடையது விழாது என்பதைப் பல நேரம் தீர்மானித்தது அந்தப் பாரம்.

இலங்கையில் 1870ஐ ஒட்டிய காலத்தை எடுங்கள். கண்டியில் ஸ்டூடியோ வைத்திருந்த ஜோசப் லோட்டன் என்ற ஆங்கிலேயர், அரசாங்கத்தின் தொல்பொருள் குழுவுக்காக அநுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் சீகிரியாவையும் படமெடுத்தார். அப்போது பிலிம் இல்லை. கண்ணாடித் தகட்டில் மருந்தைப் பூசி, அது காயுமுன் படமெடுத்து, காயுமுன்னே கழுவவும் வேண்டும். ஆகவே பெரிய மரப்பெட்டி, முக்காலி, கண்ணாடிகள், மருந்துப் போத்தல்கள், தண்ணீர், இருட்டுக் கூடாரம் எல்லாம் காட்டுக்குள் கூடவே போகும். சுமக்க ஆட்களும் வேண்டும். அந்தப் படங்கள் இன்றைக்கும் பொக்கிஷம். ஆனால் அவற்றில் கல்தான் கதாநாயகன். மனிதர் வந்தால், தூண் எவ்வளவு உயரம் என்று காட்டுவதற்காக ஓரத்தில் நிற்பார். அவர் பெயர் எங்களுக்கு வந்து சேரவில்லை.

அடுத்து ஜூலியா மார்கரெட் கமரன். கோல்புறூக் - கமரன் சீர்திருத்தம் என்று பத்தாம் பதினோராம் வகுப்பில் பாடமாக்கினோமே, அந்தக் கமரனின் மனைவிதான். இங்கிலாந்தில் பேரறிஞர்களின் முகங்களைப் படமெடுத்துப் புகழ் பெற்றவர். 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்து குடியேறி, 1879இல் இங்கேயே காலமானார். இங்கே அவர் எடுத்தவற்றில் இன்று மிஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவு. களுத்துறைக் கிராமத்தவர்களும் தோட்டத்து மக்களும் அவற்றில் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் எடுத்த படங்களுக்குக் கீழே பெயர் உண்டு. இங்கே எடுத்தவற்றில் 'களுத்துறைக் குடியானவர் கூட்டம்' என்பது போன்ற தலைப்புத்தான். முகம் இருக்கிறது, பெயர் இல்லை.

எங்கள் வீட்டுச் சுவர்களில் மாட்டியிருக்கிறோமே கஃபாவின் படம், அதன் தொடக்கமும் இதே காலம்தான். எகிப்து இராணுவத்தில் பொறியியலாளராக இருந்த முஹம்மத் சாதிக் பே 1861இல் மதீனாவையும் 1880இல் மக்காவையும் படமெடுத்தார். அந்தப் பாரப் பெட்டிகளோடுதான் அவர் பாலைவனம் கடந்தார். சில ஆண்டுகளில் மக்காவிலேயே பிறந்த வைத்தியர் அப்துல் கப்பார் கமராவைக் கையில் எடுத்தார். அவர் படங்கள் பலவற்றை ஒல்லாந்து அறிஞர் ஸ்னூக் ஹுர்குரோஞ்ஜே ஐரோப்பாவில் வெளியிட்டார். ஆனால் எடுத்தவரின் பெயர் நெடுங்காலம் வெளியே தெரியாமலே கிடந்தது. அங்கே முகத்துக்குப் பெயர் இல்லை என்றால், இங்கே கைக்குப் பெயர் இல்லை.

படம் கூடுமா கூடாதா என்ற கேள்வியையும் சிலர் கேட்டிருந்தீர்கள். உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எகிப்தின் முப்தியாக இருந்த ஷெய்க் முஹம்மத் பகீத் அல்-முதீஈ, கமராப் படம் என்பது நிழலைப் பிடித்து வைப்பதே தவிர உருவம் படைப்பதல்ல என்று நூறாண்டுக்கு முன்பே எழுதினார். யாருக்கு மனம் ஒப்பவில்லையோ அவர்களை நாங்கள் வற்புறுத்த மாட்டோம். அவர்களின் வீட்டையும் வலையையும் கையெழுத்தையும் எடுப்போம்.

இனி, பாரம் குறைந்த கதை.

ஜேர்மனியின் வெட்ஸ்லார் நகரில் லைட்ஸ் கம்பனியில் வேலை செய்தவர் ஒஸ்கார் பார்னாக். அவருக்கு ஆஸ்துமா. பெரிய கமராவைத் தூக்கிக்கொண்டு மலையேற முடியவில்லை. சினிமாப் பிலிமைப் படுக்க வைத்து, இரண்டு சினிமாச் சட்டங்களின் இடத்தை ஒரு படத்துக்குக் கொடுத்து, 36க்கு 24 அளவில் ஒரு சின்னக் கமரா செய்தார். மாதிரி 1914இல் பிறந்தது. முதல் உலக யுத்தம் குறுக்கே வந்ததால் 1925இல்தான் லைக்கா என்ற பெயரில் கடைக்கு வந்தது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இன்று ஃபுல் பிரேம், முழுச் சட்டம் என்று பெருமையாகச் சொல்கிறோமே, அது பிறந்தபோது அதற்கு ஜேர்மன் மொழியில் வைத்த பெயரின் பொருள் 'சின்னப் படம்'. பெரிய தகட்டுக்காரருக்கு அது விளையாட்டுச் சாமான். மூச்சு முட்டிய ஒரு மனிதர் பாரத்தைக் குறைக்கச் செய்த அளவுதான் இன்று பெரியவர் பட்டம் கட்டிக்கொண்டு நிற்கிறது.

அந்தச் சின்னக் கமரா இலங்கைக்கு வந்து சேர்ந்த கைகளில் முக்கியமானவை லயனல் வென்ட்டின் கைகள். கொழும்பில் பிறந்தவர், சட்டம் படித்தவர், பியானோ வாசிப்பவர். லைக்காவையும் ரோலிபிளெக்ஸையும் தூக்கிக்கொண்டு நாடு சுற்றினார். வயலில் நிற்பவர், கடலில் நிற்பவர், தெருவில் நிற்பவர் எல்லாரும் ஓரத்திலிருந்து படத்தின் நடுவுக்கு வந்தார்கள். 1938இல் இலண்டனில் அவருடைய படங்களின் கண்காட்சி நடந்தது. 1944 டிசம்பரில் நாற்பத்து நான்கு வயதில் அவர் இறந்த பிறகு நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. இன்று எங்களுக்கு வென்ட் இருக்கிறார் என்றால், அவர் தன் கையால் அச்சடித்து வைத்த பிரதிகளும் 1950இல் நண்பர்கள் கொண்டுவந்த புத்தகமும்தான் காரணம். இந்த இடத்தை ஞாபகத்தில் வையுங்கள். பிறகு வருவோம்.

எங்கள் திருகோணமலையிலும் ஒரு கமராக் கதை உண்டு. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமிமலையின் அடியில் கடலுக்குள் இறங்கி, பழைய கோணேசர் கோயிலின் கற்களையும் தூண்களையும் கண்டார்கள். நூற்றாண்டுகளாக மீனவர் வாயில் இருந்த செய்தி, தண்ணீருக்குள் கொண்டுபோகக்கூடிய கமரா வந்த பிறகுதான் உலகத்தின் கண்ணுக்குப் போனது. லோட்டனின் கண்ணாடிப் பெட்டியோடு அந்த மலையடிக்குப் போயிருக்க முடியுமா?

பிறகு யப்பான் காலம். 1959இல் நிக்கோன் எஃப், 1982இல் எஃப்எம்2. இசட்எஃப் வேஷம் போட்டிருப்பது இந்த எஃப்எம்2ஐப் பார்த்துத்தான். எஃப்எம்2இன் நிறை 540 கிராம். பெட்டரி செத்தாலும் ஷட்டர் அடிக்கும், ஒளி அளக்கும் முள்ளுக்கு மட்டும்தான் மின்சாரம் வேண்டும். கரண்ட் இல்லாத ஊரில், உப்புக் காற்றில் அது உழைத்ததற்குக் காரணம் அந்த எளிமை. பழைய கமராவின் சாயலில் வந்த புதியது, பழையதைவிடக் கனமாக இருக்கிறது, பெட்டரி இல்லாமல் நகராது. முகம் வந்தது, குணம் முழுதாய் வரவில்லை. வாப்பாவின் தொப்பியைப் போட்டால் மட்டும் வாப்பாவாக முடியுமா?

ஆனால் நியாயத்தையும் சொல்ல வேண்டும். இசட்எஃப் வெறும் வேஷம் அல்ல. வட்டைப் பார்த்தாலே வேகமும் ஒளியும் எவ்வளவு என்று தெரியும், பிள்ளைகளுக்குப் படிப்பிக்க அதைவிட நல்லது இல்லை. கறுப்பு வெள்ளைக்கென்றே தனி ஆழி இருக்கிறது. முக்கியமாக, கார்டு இரண்டு போடலாம். ஒன்று பழுதானால் மற்றதில் படம் இருக்கும். சோனியில் ஒரே ஒரு கார்டுதான். இதை ஒரு மருமகன் குழுவில் எழுதியபோது நாங்கள் பதில் சொல்ல முடியாமல் இருந்தோம். ஏனென்றால், படம் தொலைவது என்றால் என்ன என்று எங்கள் ஊருக்குத் தெரியும்.

1990இல் வீட்டை விட்டு ஓடியவர்கள் அல்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டா ஓடினார்கள்? 2004 டிசம்பர் 26 காலையில் கடல் எழும்பி வந்தபோது, மிஞ்சியிருந்த கலியாண அல்பங்களும் போயின. ஊறிப்போன படங்களைக் கொடியில் காயப்போட்ட வீடுகள் எங்களுக்கு ஞாபகம் இருக்கிறது. காய்ந்தபோது முகம் தாளோடு ஒட்டி உரிந்து வந்தது. இன்றும் எத்தனையோ வீடுகளில் மூத்தாப்பாவின் ஒரே படம் அடையாள அட்டையில் இருந்த அந்தத் தபால் தலை அளவு முகம்தான். அரசாங்கம் கேட்டதால் எடுத்த படம். அவர் வலை இழுத்தபோது எப்படி இருந்தார் என்று பேரப்பிள்ளைக்குத் தெரியாது.

இப்போது எங்கள் சொந்தத் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

கலியாண வீடுகளுக்குப் படமெடுக்கும் ஒருவரிடமிருந்து ஒரு பெரிய கமராவைப் போன வருடம் இரவல் வாங்கி வைத்திருந்தோம். நல்ல சாமான், லென்ஸோடு சேர்ந்து இரண்டு கிலோவுக்குக் கிட்ட. கரைவலையில் ஐம்பது வருடம் அம்பாப் பாட்டுச் சொல்லி இழுத்த ஒரு காக்காவை எடுப்பதாகப் பேச்சு. சுபஹு தொழுதுவிட்டு அவர் கரைக்குப் போவார். முதல் நாள் மழைக்குணம், நனைந்துவிடும் என்று விட்டோம். இரண்டாம் நாள் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோகப் பயம். மூன்றாம் நாள் முக்காலி இல்லை. இப்படியே நோன்பு வந்தது. நோன்பு இருபத்தொன்றில் காக்கா மௌத்தாகிவிட்டார், இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஜனாஸா வீட்டில் அவர் மகள் எங்களைப் பார்த்து, "வாப்பாட போட்டோ இருக்கா சேர்?" என்று கேட்டார். கமரா எங்கள் வீட்டு அலுமாரிக்குள் பத்திரமாக இருந்தது. படம் இல்லை.

அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது. பெட்டிக்குள் இருக்கிற கமராவுக்கும் இல்லாத கமராவுக்கும் வித்தியாசம் கிடையாது.

ஆகவே எங்கள் முடிவு பாரம் குறைந்தது. இரண்டுக்கும் 40 மில்லிமீற்றர் லென்ஸ் போட்டு, மொத்தத்தையும் கூட்டிப் பார்த்தோம். நிக்கோன் ஏறத்தாழ 880 கிராம், சோனி 690க்குள். ஒரு ஏஎல் படிக்கும் பிள்ளை அதைப் புத்தகப் பையில் போட்டுக்கொண்டு இக்பால் நகருக்கும் போகலாம், புறாத்தீவுக்குப் படகிலும் ஏறலாம். முன்னால் நிற்கிற மூத்தவரும் பெரிய சாமானைக் கண்டு விறைத்துப் போக மாட்டார். நிக்கோனை விரும்பியவர்கள் கோபிக்க வேண்டாம். ஒருவர் தன் ஆசைக்குத் தன் காசில் வாங்குவதென்றால் நாங்களே அதைத்தான் கைகாட்டுவோம். இது பத்துக் கைகள் மாறிப் போக வேண்டிய ஊர்ச் சாமான்.

அந்த மருமகன் கேட்ட கேள்விக்குப் பதிலாக மூன்று நிபந்தனைகள் வைக்கிறோம்.

ஒன்று, எடுத்த அன்றிரவே படங்களை இரண்டு இடங்களில் பிரதி பண்ண வேண்டும். ஒன்று கடற்கரையிலிருந்து தள்ளி இருக்கிற வீடாக இருக்க வேண்டும்.

இரண்டு, கமராவில் மிச்சம் பிடிக்கும் காசில் தாளில் அச்சடிக்க வேண்டும். வென்ட்டைக் காப்பாற்றியது நெகட்டிவ் அல்ல, அச்சுப் பிரதி. ஒரு பிரதி படத்தில் இருப்பவர் வீட்டுக்கு.

மூன்று, ஒவ்வொரு படத்தின் பின்னாலும் பெயர், யாருடைய பிள்ளை, இடம், திகதி எல்லாம் எழுத வேண்டும். எடுத்த பிள்ளையின் பெயரும் வேண்டும். களுத்துறைக் கூட்டத்துக்கும் மக்கா வைத்தியருக்கும் நடந்தது எங்கள் ஆட்களுக்கு நடக்கக் கூடாது.

பெண்களின் படங்களைப் பெண் பிள்ளைகளே எடுப்பார்கள். அவை அந்த வீட்டுக்கு மட்டும்தான், முகநூலுக்கு வராது.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். பெட்டிக்குள், குர்ஆன் உறைக்குள், தலையணைக்கடியில் ஒரு பழைய படம் இருந்தால் சொல்லியனுப்புங்கள். எங்களிடம் தர வேண்டாம். நாங்கள் வீட்டுக்கு வந்து, உங்கள் கண் முன்னே படமெடுத்துக்கொண்டு போகிறோம். தண்ணீர் பட்டது, பாதி கிழிந்தது என்றாலும் பரவாயில்லை.

எண்பது தாண்டியவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள் என்று கீழே எழுதுங்கள். கமரா வந்த முதல் கிழமையிலேயே தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ். அந்தக் காக்காவின் மகள் வீட்டுக்குத்தான் முதலில் போகிறோம். அவர் வலையும் தொப்பியும் அங்கே இன்னும் இருக்கின்றனவாம்.