வருசம் இல்லாத இருபது பென்ஸ்

போன விடுமுறை முடிந்து போர்டிங்குக்குத் திரும்பி வந்த நண்பன் ஒருத்தன் ஒரு மாஜரின் டப்பா நிறையச் சில்லறையோடு வந்தான். லண்டனில் இருக்கிற மாமா ஊருக்கு வரும்போதெல்லாம் பொக்கற்றில் மிஞ்சின காசை வீட்டில் விட்டிட்டுப் போவாராம். எல்லாத்தையும் கட்டிலில் கொட்டி, ஏழு பக்கம் உள்ள சின்னக் குற்றி ஒன்றை எடுத்து நீட்டினான்.

"மச்சான், இதில வருசமே இல்லையடா!"

வருசம் இல்லாத 20 பென்ஸ் ஆயிரக்கணக்கான பவுணுக்குப் போகுது என்று எங்கேயோ பார்த்திருக்கிறான். உடைந்த போனுக்கு டிஸ்பிளே மாற்றுவது, பிறகு மிச்சக் காசில் என்ன செய்வது என்பது வரை கணக்கு முடிந்திருந்தது. நான் குற்றியைத் திருப்பிக் காட்டினேன். மகாராணியின் தலைக்குப் பக்கத்தில் 2012 என்று தெளிவாக இருந்தது.

அவன் கேள்விப்பட்டது முழுப் பொய்யும் இல்லை. 20 பென்ஸ் 1982இல் வந்தது. அப்போதிருந்து ஆண்டு பூப்பக்கத்தில்தான், கிரீடம் வைத்த ரோஜாவோடு இருந்தது. 2008இல் மத்தியூ டென்ட் என்ற இளம் வடிவமைப்பாளரின் புதிய படங்கள் வந்தன. 1 பென்னி முதல் 50 பென்ஸ் வரையான ஆறு குற்றிகளையும் சேர்த்து அடுக்கினால் அரச கேடயம் ஒன்று உருவாகும். அந்த வடிவத்தில் ஆண்டுக்கு இடமில்லாததால் 20 பென்ஸின் ஆண்டு தலைப்பக்கத்துக்கு மாறியது. ஆனால் ஒரு தொகுதிக்கு, புதிய பூப்பக்க அச்சோடு பழைய தலைப்பக்க அச்சைப் பூட்டிவிட்டார்கள். இரண்டிலும் ஆண்டு இல்லை. சேரக்கூடாத இரண்டு அச்சுகள் சேர்ந்து பிறக்கும் இப்படியான காசை நாணயம் சேர்ப்பவர்கள் 'மியூல்' என்கிறார்கள். கோவேறு கழுதை! பெயர் வைத்தவன் யாரோ, நல்ல குசும்பன்.

பிரித்தானியாவில் புழக்கத்துக்கு ஆண்டில்லாத காசு வந்து 300 வருசத்துக்கு மேலாகியிருந்தது. 2009இல் விசயம் வெளியே தெரிந்தவுடன் தனியார் வியாபார நிறுவனம் ஒன்று குற்றிக்கு 50 பவுண் தருவதாக அறிவித்தது. இணைய ஏலங்களில் சில நாள் பைத்தியக்கார விலைகள் ஓடின. செய்தியில் வந்ததும் என் நண்பனின் தலைக்குள் ஏறியதும் அந்த விலைகள்தான். வெளியே போனது இரண்டரை இலட்சத்துக்கு மேல் இராது என்பது ரோயல் மின்டின் மதிப்பீடு. அது கொஞ்ச நஞ்சமில்லை. அதனால் அலை அடங்கின பிறகு விலை ஐம்பது, நூறு பவுணுக்குள்ளேயே நின்றுவிட்டது.

அப்படியென்றால் எந்தப் பிழைக்கு மதிப்பு? இதைப் புரிய எனக்கு உதவினது அமெரிக்காவின் 1955 ஆம் ஆண்டு ஒரு சதக் காசு. அச்சு செய்யும்போது மூல முத்திரையை உருக்கில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை அழுத்துவார்கள். பிலடெல்பியாவில் ஒரு அச்சில் இரண்டாவது அழுத்தம் கொஞ்சம் திரும்பிவிட்டது. அந்த அச்சில் அடித்த ஒவ்வொரு காசிலும் ஆண்டும் எழுத்தும் இரட்டையாக விழுந்தன. பிழையைக் கண்டுபிடித்த நேரம் அவை நல்ல காசுகளோடு கலந்து போயிருந்தன. இருபதாயிரத்துக்கு மேற்பட்டவை வெளியே போய்விட்டன. சிகரெட் இயந்திரங்களில் 25 சதம் போட்டால் பெட்டி உறைக்குள்ளேயே மிச்ச 2 சதம் வரும்; பலருக்கு இவை கிடைத்தது அப்படித்தான் என்பார்கள். இன்று தேய்ந்த ஒன்றுக்கே ஆயிரம் டொலருக்கு மேல்.

அதே 1955, அதே ஒரு சதம், கடைசி 5 மட்டும் இரட்டைபோல் தெரிகிற இன்னொரு வகையும் இருக்கு. 'ஏழையின் இரட்டை அச்சு' என்று கிண்டலாகச் சொல்வார்கள். அது அச்சு தேய்ந்ததால் வந்தது. விலை சில டொலர்தான்.

அதாவது பிழை எங்கே நுழைந்தது என்பதுதான் கேள்வி. அச்சிலேயே இருந்தால் ஒரே பிழை பல காசுகளில் அச்சொட்டாக வரும். அதைப் பெயரிடலாம், எண்ணலாம், தேடலாம். அச்சு தேய்வது, வெடிப்பு விழுவது, அடிக்கும்போது ஆடுவது எல்லாம் நிமிடத்துக்கு 700க்கு மேல் அடிக்கும் இயந்திரத்தில் சாதாரணம். எழுத்துக்குப் பக்கத்தில் தட்டையாகப் படிபோல் ஒரு நிழல் தெரிந்தால் பெரும்பாலும் அது அச்சு ஆடினதுதான், ஒருத்தரும் காசு தரமாட்டார்கள். காசு வெளியே வந்த பிறகு சுத்தியல், அமிலம், சக்கரம் என்று பட்ட அடிகளைப் பிழை என்றே சொல்ல ஏலாது. படம் பெரிதாக்கி இலட்சக் கணக்கில் விலை போட்டு வாற பதிவுகளில் கனக்க இந்த வகைதான். போடுகிற விலை வேறு, விற்ற விலை வேறு.

இதெல்லாம் சொல்லி முடிக்க முதல் நண்பன் டப்பாவில் இருந்து அடுத்ததை எடுத்துவிட்டான். 'நியூ பென்ஸ்' என்று எழுதின 2 பென்ஸ். இதிலும் பாதிக் கதை உண்மை. 1982இல் அந்தச் சொல்லை 'டூ பென்ஸ்' என்று மாற்றினார்கள். ஆனால் 1983இல், சேகரிப்பாளருக்காகச் செய்த தொகுப்புகள் சிலவற்றில் மட்டும் பழைய சொல் தவறி வந்துவிட்டது. அவற்றுக்கு நல்ல விலை. 1971 தொடக்கம் 1981 வரையான 2 பென்ஸ்களில் அந்தச் சொல்தான் சரியான சொல்.

அவனுடையது 1979. காசு மாற்றுற கடையில் குற்றி எடுக்க மாட்டினம் என்பதால் டப்பா இப்போதும் கட்டிலுக்குக் கீழேதான் கிடக்கு. அடுத்த முறை மாமா வந்தால் திருப்பிக் கொடுக்கப் போறானாம், ஆனால் ஒவ்வொன்றாக இரண்டு பக்கமும் பார்த்த பிறகு.