நூற்றுக்கு முப்பது பிறந்த கதை

இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும், மலை இறங்கினால் தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூரிலும் ஏலக்காய்க்கு மின்னணு ஏலம் நடக்கிறது. தோட்டக்காரர் காயைக் கொண்டுவந்து போடுவார். வியாபாரிகள் கணினித் திரைக்கு முன்னால் உட்கார்ந்து மாதிரியைக் கையில் உருட்டிப் பார்த்து விலை கேட்பார்கள். ஏலம் நடத்துகிற நிறுவனம் கமிஷன் எடுத்துக்கொள்ளும். அந்த நிறுவனத்துக்கு உரிமம் தருவது ஸ்பைசஸ் போர்டு. 1987-இல் வந்த விதிகள்தான் இந்த வியாபாரத்தை நடத்துகின்றன. ஏலத்தில் மனம் ஒப்பவில்லை என்றால் கட்டப்பனையிலோ நெடுங்கண்டத்திலோ கொள்முதல் கடைக்காரர் இருக்கிறார். அங்கே விலை குறைவாக இருக்கலாம், எடையில் சண்டை வரலாம். ஆனாலும் போவதற்கு இன்னொரு வாசல் உண்டு, முறையிட ஓர் அலுவலகமும் உண்டு.

இதே மலையில் ஒரு பையன் உட்கார்ந்து, அன்றைய ஏல விலையையும் மழை நிலவரத்தையும் தமிழிலும் மலையாளத்திலும் சொல்லும் ஆப் ஒன்றைச் செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். மாதச் சந்தா நூறு ரூபாய். இந்த நூறில் கூகுளுக்கோ ஆப்பிளுக்கோ ஒரு பங்கு போகும். அந்தப் பங்கின் அளவை எந்த வாரியமும் விதிக்கவில்லை, எந்தச் சட்டமன்றமும் பேசி முடிவு செய்யவில்லை. நெடுங்காலம் அது நூற்றுக்கு முப்பது. சின்னவர்களுக்கு இப்போது பதினைந்து. இந்த முப்பது எங்கிருந்து வந்தது?

கேட்டால் சிரிப்பு வரும். அது விளையாட்டுச் சாமானிலிருந்து வந்தது.

1983-இல் ஜப்பானில் நின்டெண்டோ நிறுவனம் ஃபாமிகாம் என்ற விளையாட்டுப் பெட்டியை விற்க ஆரம்பித்தது. அடுத்த ஆண்டு ஹட்சன், நாம்கோ என்ற இரண்டு நிறுவனங்கள் நாங்களும் இதற்கு விளையாட்டு எழுதுகிறோம் என்று வந்தன. அப்போது பேசி முடித்த பங்கு ஏறத்தாழ முப்பது சதவீதம் என்று அந்தத் தொழிலின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பத்து, உரிமத்துக்கு. இருபது, கேட்ரிட்ஜ் செய்து கொடுக்க. இதில் இருபதுக்குக் காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. பிளாஸ்டிக் அச்சடிக்க வேண்டும், சில்லு பொருத்த வேண்டும், பெட்டியில் போட்டுக் கடைக்கு அனுப்ப வேண்டும். மிச்சப் பத்துதான் கதவைத் திறந்துவிடுவதற்கான கூலி. அமெரிக்காவுக்குப் போன பெட்டியில் நின்டெண்டோ ஒரு பூட்டுச் சில்லையும் வைத்தது. அனுமதி பெறாத கேட்ரிட்ஜைச் செருகினால் ஓடாது. இன்றைய ஆப் கடைகளின் இரண்டு அவயவங்களும், அதாவது பங்கும் பூட்டும், அங்கேயே பிறந்துவிட்டன.

எல்லாரும் அந்த வழியில் போகவில்லை. 1999 பிப்ரவரியில் ஜப்பானின் டோகோமோ தொலைபேசி நிறுவனம் ஐ-மோட் என்ற சேவையைக் கொண்டுவந்தது. கைபேசியில் செய்தி, ஜோசியம், படம், விளையாட்டு எல்லாம் சந்தா கட்டிப் பார்க்கலாம். சந்தாவைத் தொலைபேசி பில்லோடு சேர்த்து வசூலித்துக் கொடுத்த டோகோமோ எடுத்துக்கொண்ட பங்கு 9 சதவீதம். ஒன்பதை வாங்கிக்கொண்டே அந்தக் கடை ஜாம் ஜாம் என்று நடந்தது. முப்பது இல்லாமல் கட்டுபடியாகாது என்று யாராவது சொல்லும்போது எனக்கு இந்த ஒன்பதுதான் ஞாபகம் வரும்.

நம் ஊரில் நிலைமை தலைகீழ். 2000-களில் காலர் டியூன், ரிங்டோன் விற்ற காலத்தை நினைத்துப் பாருங்கள். மாதம் முப்பது ரூபாய் பிடித்தார்கள் என்றால் அதில் பெரும்பங்கு தொலைபேசி நிறுவனத்துக்கே போனது. பாட்டுக்கு மெட்டுப் போட்டவருக்கும் அதை வெட்டிக் கொடுத்த சின்னக் கம்பெனிக்கும் மிஞ்சியது சில்லறை.

இந்தப் பின்னணியில் 2008 மார்ச் 6-ஐப் பார்க்க வேண்டும். முந்தைய ஆண்டு ஐபோனை அறிமுகம் செய்தபோது வெளியார் எழுதும் ஆப்களுக்கு அதில் இடமே இல்லை. இணையப் பக்கமாகச் செய்துகொள்ளுங்கள் என்றுதான் ஸ்டீவ் ஜாப்ஸ் சொல்லியிருந்தார். பிறகு மனம் மாறி, மார்ச் 6 மேடையில் ஆப் ஸ்டோரை அறிவித்தார். விலையை நீங்களே வையுங்கள், எழுபது உங்களுக்கு, முப்பது எங்களுக்கு. அந்த முப்பது கடையை நடத்தும் செலவுக்கு. சேர வருடக் கட்டணம் 99 டாலர். ஜூலை 10-இல் கடை திறந்தபோது அதில் ஏறத்தாழ 500 ஆப்கள் இருந்தன. முப்பது என்ற எண் அங்கே ஏற்கெனவே பழக்கத்தில் இருந்ததுதான். 2003 முதல் ஐடியூன்ஸில் 99 சென்ட்டுக்கு விற்ற பாட்டிலும் சுமார் எழுபது சென்ட் இசை நிறுவனத்துக்குப் போனது.

அன்று கைதட்டியவர்களைக் குறை சொல்ல முடியாது. தொலைபேசி நிறுவனங்களிடம் பாதிக்கு மேல் பறிகொடுத்துப் பழகியவர்களுக்கு எழுபது கையில் வருவது பண்டிகை. தனி ஆளாக அறையில் உட்கார்ந்து எழுதிய ஒன்றை உலகம் முழுக்க விற்கலாம் என்பதும் அதுவரை இல்லாத வசதி. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்றைய முப்பது, ஒரு ஆப்பை விற்கும்போது ஒரே ஒரு தடவை எடுக்கிற பங்கு. விற்றால் தீர்ந்தது.

அந்த எண்ணுக்கு இரண்டாவது பிறவி 2011 பிப்ரவரியில். ஆப்புக்குள்ளே விற்கிற பொருள், சந்தா எதுவானாலும் ஆப்பிளின் கல்லாவில்தான் பணம் விழ வேண்டும், அதிலும் முப்பது என்றார்கள். பத்திரிகைச் சந்தா மாதாமாதம் புதுப்பிக்கப்பட்டால் மாதாமாதம் முப்பது. அந்த ஜூலையில் அமேசானின் கிண்டில் ஆப்பிலிருந்து புத்தகக் கடைக்குப் போகும் பொத்தான் மறைந்தது. ஐபோனில் கிண்டில் வைத்திருக்கும் வாசகர்கள், புத்தகம் படிக்க முடிகிறது, வாங்க முடியவில்லையே என்று விழித்தது அப்போதிருந்துதான். அமேசானுக்கே இந்த கதி என்றால் தனி ஆள் என்ன செய்வான்?

கூகுளின் கதை இன்னும் வேடிக்கை. 2008 அக்டோபரில் ஆண்ட்ராய்டு மார்க்கெட் திறந்தபோதும் எழுபது, முப்பதுதான். ஆனால் அந்த முப்பதில் கூகுளுக்குப் பங்கில்லை என்று அந்த நிறுவனமே எழுதியது. அது தொலைபேசி நிறுவனங்களுக்கும் பணப் பரிமாற்றச் செலவுக்கும் போகும் என்றார்கள். பிறகு தொலைபேசி நிறுவனங்களின் பிடி தளர்ந்தது, 2012 மார்ச்சில் கடையின் பெயர் கூகுள் பிளே ஆனது. முப்பது மட்டும் அப்படியே இருந்தது. வாங்குகிற கை மாறிவிட்டது. கேட்ரிட்ஜ் இல்லை, முப்பது இருந்தது. தொலைபேசி நிறுவனம் போனது, முப்பது இருந்தது. காரணம் மாறிக்கொண்டே வர, எண் மட்டும் மாறாமல் உட்கார்ந்திருந்தால் அதற்குப் பெயர் கணக்கு அல்ல, வழக்கம்.

நெடுநாள் கூகுள் இந்த விதியைக் கண்டிப்பாகப் பிடிக்கவில்லை. 2020 செப்டம்பரில் பிடித்தது: டிஜிட்டல் பொருள் விற்கும் எல்லாரும் எங்கள் கட்டண முறை வழியேதான் வர வேண்டும். அதே மாதம் 18-ஆம் தேதி பேடிஎம் ஆப் சில மணி நேரம் பிளே ஸ்டோரிலிருந்து காணாமல் போனது வேறு விவகாரம். ஆனால் கதவு யார் கையில் என்பதை இந்திய நிறுவனங்கள் கண்ணால் கண்ட நாள் அது.

இங்கேதான் சென்னை வருகிறது. ராயபுரத்துக்காரரான முருகவேல் ஜானகிராமன் 1990-களின் கடைசியில் அமெரிக்காவில் வேலை பார்த்தபடி தமிழர்களுக்காக ஓர் இணையதளம் நடத்தினார். அதில் வரன் பார்க்கும் பகுதிக்குத்தான் கூட்டம். அதுவே பாரத் மேட்ரிமோனியாக வளர்ந்தது. தமிழுக்கு ஒன்று, கேரளத்துக்கு ஒன்று என்று மொழிவாரித் தளங்கள். பாலக்காட்டு அக்ரஹாரத்துக் குடும்பம் எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டிலும் ஜாதகத்தைப் பதிந்து வைத்திருந்தால் ஆச்சரியமில்லை. கூகுளின் கட்டண விதியை எதிர்த்தவர்களில் இந்த நிறுவனமும் ஒன்று. கூகுளோடு அதன் வழக்கு புதிதல்ல. தேடல் முடிவுகளில் பாரபட்சம் என்று 2012-இல் கொடுத்த புகாரில் இந்தியப் போட்டி ஆணையம் 2018 பிப்ரவரியில் கூகுளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் போட்டது.

இப்போது மலைக்காரப் பையனின் நூறு ரூபாய்க்கு வருவோம். வரியை ஒதுக்கிவைத்துக் கணக்குப் போடலாம். ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்குள் சம்பாதிக்கிறவர் என்பதால் 2021 முதல் அவனுக்குப் பதினைந்து. பின்னால் வந்த தளர்வின்படி, கூகுளின் கல்லா வேண்டாம், வேறு வழியில் பணம் வாங்கிக்கொள்கிறேன் என்றால் நான்கு கழித்துப் பதினொன்று. வேறு வழியில் கார்டு என்றால் பேமென்ட் கேட்வேக்கு இரண்டு ரூபாய் போல் போகும். ஆக மொத்தம் பதிமூன்று. இரண்டு ரூபாய் மிச்சத்துக்கு இரண்டு கணக்கு, இரண்டு தொல்லை. யாரும் அந்தப் பக்கம் போகாதபடி கச்சிதமாக வைத்த தள்ளுபடி அது.

அதே பையன் சந்தாவை விட்டுவிட்டு ஏலக்காயையே ஆப்பில் விற்றால்? கமிஷன் பூஜ்யம். கிலோக் கணக்கில் விற்கலாம், ஒரு பைசா தர வேண்டாம். கையில் தொடுகிற பொருளுக்கும், ஆட்டோ சவாரிக்கும், சாப்பாட்டுக்கும் இந்த விதி கிடையாது. ஏலக்காயின் விலையைச் சொல்லும் தகவலுக்கு உண்டு. வரன் தேடித் தரும் சந்தாவுக்கும் உண்டு. இந்தக் கோட்டை எங்கே கிழிப்பது என்று தீர்மானித்ததும் கடைக்காரரே.

கூகுள் தரப்பில் சொல்வதையும் சொல்லிவிட வேண்டும். இந்தியாவில் பிளே ஸ்டோரைப் பயன்படுத்தும் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட டெவலப்பர்களில் டிஜிட்டல் பொருள் விற்பவர்கள் 3 சதவீதம்தான், பதினைந்துக்கு மேல் கட்டணம் வருபவர்கள் 60 பேருக்கும் குறைவு என்று 2024-இல் சொன்னார்கள். உண்மையாகவே இருக்கட்டும். மிச்சம் 97 சதவீதத்தினருக்குப் பணத்தில் வலி இல்லை, வேறு இடத்தில் இருக்கிறது. 2023 நவம்பருக்குப் பிறகு தனிநபர் கணக்குத் திறந்த ஒருவர் ஆப்பை வெளியிட வேண்டுமானால், முதலில் 20 பேரைப் பிடித்துத் தொடர்ந்து 14 நாள் அதைச் சோதிக்க வைக்க வேண்டும். ஓராண்டு கழித்து அது 12 பேராகக் குறைந்தது. நிறுவனக் கணக்குக்கு இந்தத் தொல்லை இல்லை. பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் கல்லூரி முடித்த பெண் ஒருத்தி சொந்தமாக ஆப் எழுதினால், சித்தப்பா பெண்ணிலிருந்து பக்கத்து வீட்டு மாமா வரை போனைக் கேட்டு வாங்கி நிறுவ வேண்டியதுதான். இவ்வளவும் செய்து வெளியிட்ட பிறகு கணக்கு முடக்கப்பட்டால், முறையீட்டுக்கு வருகிற பதில் பல நேரம் அச்சடித்த இரண்டு வரி.

2022 அக்டோபர் 25-இல் போட்டி ஆணையம், பிளே ஸ்டோர் கட்டண விவகாரத்தில் கூகுளுக்கு 936.44 கோடி அபராதம் விதித்தது. ஐந்து நாள் முன்புதான் ஆண்ட்ராய்டு விவகாரத்தில் 1,337.76 கோடி. அபராதத்துக்குப் பிறகும் கட்டணம் இருந்தது, 11 முதல் 26 வரை என்ற புது உடையில். பாரத் மேட்ரிமோனி உள்ளிட்டவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். இது போட்டி ஆணையம் பார்க்க வேண்டிய விஷயம் என்று 2023 ஆகஸ்டில் தனி நீதிபதியும், 2024 ஜனவரியில் டிவிஷன் பெஞ்சும் சொல்லிவிட்டன. உச்ச நீதிமன்றத்திலும் இடைக்காலப் பாதுகாப்பு கிடைக்கவில்லை.

2024 மார்ச் 1, வெள்ளிக்கிழமை. பத்து இந்திய நிறுவனங்களின் ஆப்கள் பிளே ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டன. பாரத் மேட்ரிமோனி, ஷாதி, நௌக்ரி, 99ஏக்கர்ஸ், குக்கு எஃப்எம் எல்லாம் அந்தப் பட்டியலில். போனில் ஏற்கெனவே இருந்தவர்களுக்கு ஓடியது. புதிதாகத் தேடியவருக்குக் கிடைக்கவில்லை. இந்தியாவில் நூறு ஸ்மார்ட்போனில் தொண்ணூற்றைந்து ஆண்ட்ராய்டு என்னும்போது, கடையில் இல்லை என்றால் ஊரிலேயே இல்லை என்று அர்த்தம். இத்தனைக்கும் சில நாள் முன்புதான் ஃபோன்பே நிறுவனம் 12 இந்திய மொழிகளில் இண்டஸ் ஆப்ஸ்டோரைத் திறந்திருந்தது. நீக்கப்பட்டவர்கள் அந்தக் கடையோடு நிற்கவில்லை. தில்லிக்குப் போனார்கள். மறுநாளே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் இதை அனுமதிக்க முடியாது என்றார். 5-ஆம் தேதி ஆப்கள் தற்காலிகமாகத் திரும்பின, கட்டணத்துக்கான பில் ஓடிக்கொண்டே இருக்கும் என்ற நிபந்தனையோடு. பங்குச் சந்தையில் பட்டியலான நிறுவனங்களுக்கு அமைச்சர் போன் எடுக்கிறார். கொழிஞ்சாம்பாறைப் பெண்ணுக்கு யார் எடுப்பார் என்று கேட்க எனக்கு வாய் வருகிறது.

அந்த மார்ச்சிலேயே போட்டி ஆணையம் கட்டண விகிதத்தைப் பற்றிப் புதிய விசாரணைக்கு உத்தரவிட்டது. ஆனால் நீக்கத்தைத் தடுக்கும் இடைக்கால உத்தரவு தர மறுத்தது. 2025 மார்ச் 28-இல் தேசிய நிறுவனச் சட்ட மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், கூகுள் தன் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதை ஓரளவு உறுதிசெய்து, 936.44 கோடியை 216.69 கோடியாகக் குறைத்தது. இரு தரப்பும் உச்ச நீதிமன்றத்துக்குப் போக, 2025 ஆகஸ்டில் அது மேல்முறையீடுகளை விசாரணைக்கு எடுத்தது.

அதே ஆகஸ்டில் கூகுள் இன்னொன்றை அறிவித்தது. இனி பிளே ஸ்டோருக்கு வெளியே விநியோகிக்கும் ஆப்பாக இருந்தாலும், எழுதியவர் தன் அடையாளத்தைக் கூகுளிடம் பதிந்திருந்தால்தான் சான்றளிக்கப்பட்ட ஆண்ட்ராய்டு போன்களில் நிறுவ முடியும் என்றது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடங்கி, 2027 முதல் மற்ற நாடுகளுக்கு என்பது அப்போது சொன்ன திட்டம்.