உப்புக்காற்றும் நம் ஊர்க் கார்களும்

சென்ற வாரம் கீழ்புத்துப்பட்டு ஐயனார் கோயில் வாசலில் ஒரு புதுக் காருக்குப் பூசை நடந்தது. சக்கரம் எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு நகர்ந்ததும், கூட நின்ற என் மைத்துனர், "என்ன சொல்லுங்க மாமா, அந்தக் காலத்து அம்பாசிடர் மாதிரி உறுதி வருமா?" என்றார்.

அவர் சும்மா கேட்கவில்லை. வாரம் இரண்டு முறை மனைவியை டயாலிசிஸுக்காகப் புதுச்சேரிக்கு அழைத்துப் போகிறவர். இருக்கிற சின்னக் கார் தாழ்வாக இருப்பதால் அந்த அம்மாள் ஏறி இறங்கச் சிரமப்படுகிறார். அதை விற்றுவிட்டு, பழைய அம்பாசிடர் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, வாங்கலாமா என்பது அவர் யோசனை. "யோசித்துச் சொல்கிறேன்" என்று வந்துவிட்டேன். யோசித்ததை இங்கே எழுதுகிறேன். நம் வாசகர்களில் பலருக்கும் இதே நினைப்பு இருக்கும்.

எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் அனுபவம் உண்டு. அரசு அலுவலகத்தில் பல வருடம் வண்டிகளின் லாக் புக்கும் ரிப்பேர் பில்லும் என் மேசைக்குத்தான் வரும். எந்த கம்பெனி வண்டியானாலும் பில் வந்துகொண்டே இருக்கும்: கார்புரேட்டர் சுத்தம், பிளாட்டினம் பாயிண்ட், ஃபேன் பெல்ட், கிளச் பிளேட். அன்றைய வண்டிகள் பழுதே ஆகாதவை என்று நாம் இப்போது பேசுவது மறதியால். பழுதாயின. ஆனால் எந்த ஊரிலும் ஒரு மெக்கானிக் ஒரு ஸ்பேனரோடு வந்து சரிசெய்துவிடுவார். உறுதி வேறு, பழுதுபார்க்க எளிது என்பது வேறு. நாம் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம்.

அம்பாசிடர் இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்ட் மூன்றாம் வரிசைக் காரின் வழிவந்தது. 1950களின் கடைசியில் வங்காளத்தின் உத்தரபாராவில் தயாராகத் தொடங்கி 2014 மே மாதம் நின்றது. உயரமான இருக்கை, அகலக் கதவு, கல்யாணத்துக்குப் போனால் எட்டுப் பேர், டிக்கியில் பாத்திரம் பண்டம். பயன்பாட்டில் அதை மிஞ்ச ஆளில்லை. ஸ்டியரிங்கைத் திருப்பத்தான் தோள்பலம் வேண்டும்.

ஓட்டும் சுகத்துக்கு ஃபியட். பம்பாயில் பிரீமியர் கம்பெனி தயாரித்த அந்த 1089 சி.சி. வண்டிக்கு 1970களில் பத்மினி என்று பெயர் வந்தது. அடக்கமான உடம்பு, ஸ்டியரிங் தண்டிலேயே கியர். பனைமரங்களுக்கு நடுவே குறுகலாகக் கிடந்த அன்றைய சாலையில் அதை ஓட்டியவர்களுக்குத் தெரியும். பணம் கட்டி வருடக்கணக்கில் காத்திருந்ததும் நினைவிருக்கும்.

நம் சென்னைப் பக்கத்துப் பிள்ளை ஸ்டாண்டர்டு ஹெரால்டு, 1961 முதல். முன்மூடியோடு மட்கார்டும் சேர்ந்து தூக்கிக்கொள்ளும். எஞ்சின் முழுதும் கண்ணெதிரே. சின்ன வட்டத்தில் திரும்பிவிடும். முதலில் இரண்டு கதவு. நான்கு கதவு வண்டி பிறகு இந்தியாவில் மட்டும் வந்தது.

1983 டிசம்பர் 14 அன்று இந்திரா காந்தி கையால் முதல் மாருதி 800இன் சாவி கொடுக்கப்பட்டது. மூன்று சிலிண்டர், 796 சி.சி., முன்சக்கரம் இழுக்கும் வண்டி. அதைப் பார்த்து "சோப்பு டப்பா" என்று சிரித்தவர்களில் நானும் ஒருவன். ஆனால் காலையில் சாவியைத் திருகினால் கிளம்பும் என்ற நிச்சயத்தை நடுத்தரக் குடும்பத்துக்குக் கொடுத்தது அதுதான். அதுவும் 2014 ஜனவரியில் நின்றது. இரண்டு காலங்களும் ஒரே வருடத்தில் முடிந்தன.

இதெல்லாம் எங்கும் பொருந்தும். நம் மரக்காணம் கரைக்கென்று தனிக் கணக்கு ஒன்று உண்டு: உப்பு. உப்பளத்துக் காற்றில் வரும் உப்பு தகட்டில் படிந்து ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். உப்பு நீர் பட்ட இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் தனிச் சட்டம் கிடையாது, உடம்பே சட்டம். கதவுக்குக் கீழுள்ள பெட்டித் தகடு அரித்தால் வண்டியின் பலமே போச்சு. ஹெரால்டுக்குத் தனிச் சட்டம் இருந்தும் துரு அதையும் விடாது.

நான் ஒரு பழைய வண்டி வைத்திருந்தேன். அதன் பெயர் வேண்டாம், குற்றம் என்னுடையது. மேலே பளபளவென்று துடைப்பேன். அடியில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவியதே இல்லை, கதவின் அடித்துளைகள் மண்ணடைத்துக் கிடந்தன. ஒரு நாள் மிதியை விலக்கினால் தரை தெரிந்தது. "எஞ்சின் இன்னும் இருபது வருஷம் ஓடும் சார், உக்காரத்தான் வண்டி இல்ல" என்றார் மெக்கானிக்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். சித்ரோயன் கம்பெனியின் "தெ ஷெவோ", அதாவது "இரண்டு குதிரை" என்ற காரின் கதை எனக்குப் பிடிக்கும். 1930களில் அதை வடிவமைத்தவர்களுக்குச் சொல்லப்பட்டது இதுதான்: இரண்டு விவசாயிகளும் 50 கிலோ உருளைக்கிழங்கும் ஏற வேண்டும், உழுத வயலில் போனாலும் கூடையிலுள்ள முட்டை உடையக் கூடாது. யார் ஏறப் போகிறார்கள் என்பதிலிருந்து தொடங்கினார்கள். அதே பிரான்சின் பெஜோ 2017இல் 80 கோடி ரூபாய்க்கு அம்பாசிடர் என்ற பெயரை வாங்கியது. நாமும் பெயருக்காகத்தானே ஏங்குகிறோம்!

மைத்துனரிடம் நேற்று சொன்னேன்: "உசரமான சீட் வேணும்னு நினைக்கிறது சரி மச்சான். ஆனா டயாலிசிஸ் நாளைக்கு வண்டி கிளம்பியே ஆகணும். பழைய வண்டியில நிறுத்தினா சரி பண்ற ஆளுங்க இப்ப யாரு இருக்காங்க? பதினஞ்சு வருஷம் தாண்டினா எஃப்.சி.க்கு வேற அலையணும். புது வண்டியிலேயே உசரமா இருக்கறதுல நாலஞ்சைப் பாரு. தங்கச்சியைக் கூட்டிட்டுப் போ. ஏறி இறங்கிப் பார்த்து அது சொல்லட்டும்."

அவர் பதில் சொல்லவில்லை. இன்று காலை போன் செய்தார். சனிக்கிழமை மூவரும் புதுச்சேரி ஷோரூமுக்குப் போகிறோம்.