கண்ணியும் துப்பாக்கியும்

ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடிகளைப் பற்றிப் பேசினால் சாமையோடும் தேனோடும் நிறுத்திக்கொள்கிறோம். மழை பொய்த்துச் சாமை கருகிய ஆண்டில் என்ன தின்பது? காட்டுக் கிழங்கும், கண்ணியில் விழும் காடையும் முயலும்தான்.

1876-78 தாது வருடப் பஞ்சத்தில் மலையைச் சுற்றிய வடஆர்க்காடும் சேலமும் பிணக்காடாயின. மறு ஆண்டே, 1879இல், அரசு நீலகிரிக்கு வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சட்டம் போட்டது. துரைமார் சுடுவதற்கு விலங்கு குறையக் கூடாதாம்! 1882இன் சென்னை வனச்சட்டம் காப்புக்காட்டில் விதிமீறிக் கண்ணி வைப்பதைக் குற்றமாக்கியது. உரிமத்தோடு துப்பாக்கி ஏந்தியவர் வேட்டைக்காரர். பசிக்குச் சுருக்கு வைத்தவர் குற்றவாளி.

விலங்கினம் அழியக் கூடாது என்பதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் துப்பாக்கிக்கும் கண்ணிக்கும் ஒரே கணக்கா? பழங்குடிகளுக்கு இழைத்த வரலாற்று அநீதியை ஒப்புக்கொண்ட 2006இன் வன உரிமைச் சட்டமும், மரபுரிமைகளை ஏற்கும் அதே வரியில், வேட்டையாடும் உரிமையையும் கண்ணி வைக்கும் உரிமையையும் விலக்கியே எழுதியிருக்கிறது.