ஒரே பெயர், வேறு மருந்து

அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் வேட்டைக்காரரும் குறிபார்த்துச் சுடும் போட்டியாளரும் தங்கள் தோட்டாக்களைத் தாமே நிரப்பிக் கொள்வதுண்டு. சுட்டு முடிந்த வெற்றுக் கோதை எறியாமல் எடுத்துவந்து, புதிய கேப்பும் மருந்தும் சன்னமும் இட்டு மீண்டும் பயன்படுத்துவார்கள். அவர்களிடையே ஒரு பழைய எச்சரிக்கை உண்டு. பழைய தகரத்தில் எஞ்சிய மருந்தைப் புதிய தகரத்துள் கொட்டாதே என்பதே அது. இரண்டும் ஒரே கொம்பனியின் தயாரிப்பாக இருக்கலாம். பெயரும் ஒன்றாக இருக்கலாம். ஆனால் தகரத்தின் அடியில் அச்சிட்டிருக்கும் தொகுதி எண் வேறென்றால் கலக்கக் கூடாது.

சீனிப் போத்தலில் பழைய சீனியின் மேல் புதிய சீனியைக் கொட்டிப் பழகிய நமக்கு இது மிகைப்பட்ட அச்சமாகத் தோன்றும். நான் துப்பாக்கி பிடித்தவன் அல்லன். பிடிக்க விரும்பியவனும் அல்லன். ஆனால் முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட பத்திரிகைப் பணியில் வெடிப்புச் செய்திகளை எத்தனையோ தடவை எழுதியாயிற்று. எத்தனை பேர் இறந்தனர் என்பது முதற் பந்தியில் வரும். ஏன் இறந்தனர் என்பது பெரும்பாலும் எந்தப் பந்தியிலும் வருவதில்லை. ஆகவே, இந்தச் சிறிய எச்சரிக்கையின் பின்னாலுள்ள வரலாற்றைத் தேடிப் படித்தபோது அது மருந்தின் வரலாறாக மட்டும் எனக்குப் படவில்லை. பதிவேடுகளின் வரலாறாகவும் பட்டது.

முதலில் கருமருந்தின் காலம். வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் ஏறத்தாழ 75, 10, 15 என்ற வீதத்தில் சேர்ந்தது அது. வீதம் ஒன்றாக இருந்தாலும் பலன் ஒன்றாக இருந்ததில்லை. வெடியுப்பு எவ்வளவு சுத்தமானது, கரி எந்த மரத்தினது, எப்படிச் சுடப்பட்டது, பீப்பாய் எவ்வளவு ஈரம் குடித்தது என்பவற்றைப் பொறுத்து வலு மாறியது. அதனால் 1686இல் பிரெஞ்சு அரசு ஒரு சோதனையை விதித்தது. குறித்த அளவான ஒரு சிறு பீரங்கியில் 3 அவுன்ஸ் மருந்திட்டால், அது 60 இறாத்தல் குண்டை 50 துவாஸ் தூரம், அதாவது ஏறத்தாழ 100 மீற்றர், எறிய வேண்டும். எறியாத மருந்தை அரசு ஏற்காது. மருந்தின் சொல்லை நம்பாமல் செயலை அளந்த ஏற்பாடு அது.

பிரித்தானியா அடுத்த படியை எடுத்தது. 1759இல் ஃபேவர்ஷம் ஆலையையும் 1787இல் வோல்தம் அபி ஆலையையும் அரசு விலைக்கு வாங்கியது. ஆலைகளைத் தனியாரிடம் விட்டுவிடலாம் என்ற எண்ணம் எழுந்தபோது அதை எதிர்த்து வாதாடியவர் வில்லியம் கொங்கிறீவ் என்ற அதிகாரி. ரொக்கெற்றால் பெயர்பெற்ற கொங்கிறீவின் தந்தை இவர். பிஷப் வாட்சன் என்ற, இரசாயனம் படித்த மதகுரு ஒருவரின் யோசனைப்படி மரத்தைக் குழியில் சுடுவதை விட்டு இரும்பு உருளைக்குள் வைத்துச் சுட்டுக் கரி செய்தார்கள். மருந்தின் வலு கூடியது. அந்த மருந்துப் பீப்பாய்களில் சிவப்பு எழுத்துப் பொறித்தார்கள். படைக்கு வழங்கும் மருந்தையோ வலுவைச் சோதித்து, வலுத்ததையும் மெலிந்ததையும் கணக்காகச் சேர்த்து, ஒரு சராசரி வலுவுக்குக் கொண்டுவந்தே வழங்கினார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. கலப்பது குற்றமாகக் கருதப்படவில்லை. கலப்பதே முறையாக இருந்தது. ஆனால் கலந்தவன் கலக்குமுன் அளந்தான், கலந்தபின்னும் அளந்தான், பீப்பாயின் முகத்தில் எழுதி வைத்தான். இன்றைய ஆலைகள் செய்வதும் இதுவே. கடைக்கு வரும் மருந்து, பல தொகுதிகளைச் சோதித்துச் சேர்த்து, ஒரு மாதிரித் தரத்துக்கு நெருக்கமாக்கப்பட்டதே.

1884இல் போல் வியேய் என்ற பிரெஞ்சு இரசாயனவியலாளர் புகையற்ற மருந்தை உருவாக்கியதும் நிலைமை சிக்கலானது. நைத்திரோசெலுலோசைக் கொண்ட இந்த மருந்துக்கு ‘பூட்ர் பே’ என்று பெயர். 1886இல் வந்த லெபெல் ரைபிளின் வலிமையே அதுதான். கருமருந்து ஈரத்தால் கெட்டால் மெலிந்துபோகும். புகையற்ற மருந்து கெடும் விதம் வேறு. அது உள்ளிருந்தே மெல்லச் சிதைந்து வெப்பத்தையும் நைதரசன் ஒட்சைட்டுகளையும் வெளிவிடும். அந்த வாயுக்கள் சிதைவை மேலும் விரைவாக்கும். வெப்பமான களஞ்சியத்தில் நெடுநாள் கிடந்தால் யாரும் தொடாமலே தீப்பற்றக் கூடும். மருந்துக்கு வயது என்ற ஒன்று பிறந்தது அப்போதுதான்.

1907 மார்ச் 12ஆம் திகதி, தூலோன் துறைமுகத்தின் உலர் துறையில் கிடந்த ‘இயெனா’ என்ற பிரெஞ்சுப் போர்க்கப்பலின் களஞ்சியம் வெடித்தது. ஏறத்தாழ 120 பேர் மாண்டனர். மருந்தைச் செய்தது போர் அமைச்சின் கீழிருந்த ஆலை. அதைக் கப்பலில் வைத்திருந்தது கடற்படை அமைச்சு. இரு தரப்பும் ஒன்றையொன்று சுட்டின. விவகாரம் முற்றி, 1908இல் கடற்படை அமைச்சர் தொம்சன் பதவி விலகினார். மருந்தோ கப்பல்களில் இருந்து விலகவில்லை. 1911 செப்டெம்பர் 25ஆம் திகதி, அதே துறைமுகத்தில் ‘லிபேர்ட்டே’ வெடித்துச் சிதறியது. அயலில் நின்ற கப்பல்களிலும் உயிர்கள் போயின. மொத்தம் ஏறத்தாழ 300 பேர்.

அந்த விவாதத்தில் கடுமையான கண்டனத்துக்குள்ளான வழக்கம் ஒன்று, வயதான மருந்தை மீளப் பிசைந்து புதுப்பித்து மீண்டும் கப்பல்களுக்கு அனுப்புவது. அப்படி மீண்டும் வந்த மருந்தின் வயது என்ன? முதன்முதல் செய்த ஆண்டா, புதுப்பித்த ஆண்டா? பெட்டியின் மேல் இளமையும் உள்ளே முதுமையுமாக இருந்தால் களஞ்சியத்தில் காவல் நிற்கும் மாலுமி எதைக்கொண்டு அறிவான்? ஆயினும் படைநீதிமன்றத்தில் நிற்க நேர்ந்தவர் ‘லிபேர்ட்டே’யின் கப்டன் லூயி ஜோரெஸ். சோஷலிசத் தலைவர் ஜோன் ஜோரெஸின் சகோதரர். வெடிப்பு நிகழ்ந்த நாளில் அவர் விடுமுறையில் இருந்தார். நீதிமன்றம் அவரை விடுவித்தது.

ரைபிள் தோட்டாவுக்கு வருவோம். அமெரிக்க இராணுவத்தின் எம்-16 ரைபிளுக்கான தோட்டா, முதலில் டூபொண்ட் கொம்பனியின் ஐஎம்ஆர் 4475 என்ற மருந்தைக் கொண்டே வளர்க்கப்பட்டது. இராணுவம் சன்னத்தின் வேகத்துக்கும் குழலின் அழுத்தத்துக்கும் எல்லைகளை எழுதியபோது, தொகுதிக்குத் தொகுதி மாறிய அந்த மருந்தால் இரு எல்லைகளுக்கும் உட்பட்டு நிற்பது கடினமாயிற்று. 1964இல் ஒலின் கொம்பனியின் டபிள்யூசி 846 என்ற உருண்டை மருந்துக்கு அனுமதி கிடைத்தது. வேகம் சரி, அழுத்தமும் சரி. ஆனால் ரைபிள் பழைய மருந்துக்கென வகுக்கப்பட்டது. புதிய மருந்தால் சுடும் வீதம் உயர்ந்தது. அதில் சேர்ந்திருந்த கல்சியம் காபனேற்று வாயுக் குழாயில் படிந்தது. துப்புரவுக் கருவிகளும் போதியளவு வழங்கப்படவில்லை. வியட்நாமில் சண்டை நடுவே ரைபிள்கள் இறுகி நின்றன. சுட முடியாத துப்பாக்கியோடு இளைஞர்கள் இறந்தார்கள். துப்பாக்கியைத் துடைக்காதது அவர்கள் குற்றம் என்றே முதலில் சொல்லப்பட்டது.

1967இல் இச்சோர்ட் தலைமையிலான காங்கிரஸ் உபகுழு விசாரித்தது. தோட்டாவின் குறைகளைத் திருத்தாது விட்ட அதிகாரிகளின் போக்கு குற்றவியல் அசட்டைக்கு நெருங்கியது என அக்குழு எழுதியது. பின்னர் நடந்த ஒரு திருத்தம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. டபிள்யூசி 846 என்ற ஒரே பெயருக்குள் சற்று வேறுபட்ட இயல்புள்ள தொகுதிகள் அடங்கியிருந்தன. எம்-16க்குப் பொருந்தியவற்றைப் பிரித்தெடுத்து டபிள்யூசி 844 என்று தனிப்பெயர் இட்டார்கள். ஒரு புதிய பெயரும் சில வேளை உயிர்காக்கும் கருவிதான்.

வீட்டில் தோட்டா நிரப்புவோரிடமும் இதே கதை உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் கன்சாஸைச் சேர்ந்த புரூஸ் ஹொட்ஜன், அரசு கழித்த 4895 என்ற மருந்தைப் பெருந்தொகையாக வாங்கித் தபாலில் விற்றார். மலிவான அந்த மருந்தால் பலர் இந்தப் பழக்கத்துக்கு வந்தனர். போர்க்காலக் கையிருப்பு தீர்ந்தபின் அவரது கொம்பனி அதே எண்ணில் புதிய மருந்து செய்வித்தது. இன்று எச் 4895 என்றும் ஐஎம்ஆர் 4895 என்றும் இரண்டு உண்டு. எண் ஒன்று, மருந்து வேறு. ஒன்றுக்குச் சொன்ன அளவை மற்றதற்கு இடக்கூடாது. 2003இல் ஐஎம்ஆர் வணிகப் பெயரும் ஹொட்ஜன் கொம்பனியின் கைக்கே வந்ததால், இந்த எச்சரிக்கையைத் தருவதும் இன்று ஒரே கொம்பனிதான்.

ஆக, பழைய தகரத்தையும் புதிய தகரத்தையும் கலக்காதே என்பதன் பொருள் மூன்று. வெவ்வேறு தொகுதிகள் ஒரே விரைவில் எரிய வேண்டுமென்பதில்லை. கைக்கலப்பு ஒவ்வொரு கோதிலும் ஒரே விகிதத்தில் விழுவதுமில்லை. பழையது சிதையத் தொடங்கியிருந்தால் அதன் அமிலம் புதியதையும் கெடுக்கும். மூன்றாவதே முதன்மையானது. ஒரு தொகுதியில் பழுதென்று ஆலை அறிவித்துத் திரும்பப் பெறும் நாளில், கலந்த தகரத்துக்கு விலாசம் இராது. விபத்து நேர்ந்தால் விசாரிப்பவர் கேட்கும் முதற் கேள்விக்குப் பதிலும் இராது.

குண்டுகளின் ஓசையைக் கேட்டே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த தலைமுறை எங்களுடையது. ஆயுதங்களின் மேல் எனக்கு மோகம் கிடையாது. ஆயினும் தகரத்தின் அடியில் உள்ள அந்தச் சிறு எண்ணை நான் மதிக்கிறேன். எது, எங்கே, எப்போது செய்யப்பட்டது என்று சொல்லும் எழுத்து அது. அந்த எழுத்து அழிந்த இடங்களில் பழி எப்போதும் கீழ்நோக்கியே வழிந்திருக்கிறது. தூலோனில் அது கப்டன்வரை வந்து நின்றது. வியட்நாமில் துப்பாக்கி பிடித்த சிப்பாயின் தலையிலேயே விழுந்தது. மருந்தைத் தெரிவுசெய்த கை அவனுடையதல்ல.